கடல் மேல் ஓடிய ரயில்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் ஃபிளோரிடா கீஸ் தீவுகளுக்கு, படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு ஓடுகிற வீடான மோட்டார் ஹோமில் போய் வந்ததை எழுதியிருந்தேன். மயாமிக்குத் தெற்கே அமெரிக்க நிலம் முடிகிற இடத்திலிருந்து கீ வெஸ்ட் வரை கடலில் வளைந்து கிடக்கிற தீவு வரிசை அது. 113 மைல் சாலை, 42 பாலங்கள். பக்கம் போதாமல் பாதி விஷயத்தை விட்டுவிட்டேன், கடிதம் எழுதியவர்கள் சரியாக அந்தப் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். பாலத்தைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம், அடுத்தபடியாகக் கழிப்பறையைப் பற்றி. இரண்டுக்கும் கூச்சமில்லாமல் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நடுக்கடலில் யாருக்கு ரயில் தேவைப்பட்டது? அதுவும் அந்தக் காலத்தில்? கட்டியவர் யார்?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பொன்மலை, திருச்சி)

ஐயா, கேட்க வேண்டியவர்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆள் பெயர் ஹென்றி ஃபிளாக்லர். ராக்ஃபெல்லரோடு சேர்ந்து ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தைத் தொடங்கியவர். எண்ணெயில் சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து ஃபிளோரிடாவின் கிழக்குக் கரை நெடுகத் தண்டவாளமும் ஹோட்டல்களுமாகப் போட்டார். 1896-ல் அவருடைய ரயில் மயாமிக்கு வந்து சேர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் பெரிய மனிதராகவே இருந்திருப்பார்.

பனாமா கால்வாய் வேலையை அமெரிக்கா 1904-ல் கையில் எடுத்தது. கீ வெஸ்ட்டில் ஆழமான துறைமுகம் இருந்தது. அமெரிக்கத் துறைமுகங்களில் கால்வாய்க்குக் கிட்டத்தில் இருப்பதும் அதுதான். கியூபா எதிர்க்கரையில், சுமார் 90 மைல். கால்வாய் திறந்தால் கப்பலெல்லாம் இங்கேதான் வரும், சரக்கை இறக்கி ஏற்ற நம் ரயில் அங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். 1905-ல் வேலை தொடங்கியபோது அவருக்கு 75 வயது. ஊர்க்காரர்கள் அதை ஃபிளாக்லரின் பைத்தியக்காரத்தனம் என்றே சொன்னார்கள்.

வேலை சும்மா நடக்கவில்லை. ஒரு கட்டத்தில் நாலாயிரம் பேர் வரை இருந்தார்கள். நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்கிய ஐரோப்பியர்கள், பஹாமாஸ் முதலான கரீபியன் தீவுக்காரர்கள், உள்ளூர்க் கறுப்பினத் தொழிலாளர்கள். தீவுகளில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, தொட்டி வண்டிகளில் ரயிலிலேயே கொண்டுவந்து ஊற்றினார்கள். கடலுக்கடியில் போடுகிற கான்கிரீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து சிமெண்ட் வந்தது. கொசு வேறு. 1906, 1909, 1910 என்று மூன்று புயல்கள் வேலையைப் புரட்டிப் போட்டன. 1906 புயலில் மட்டும் நூறு பேருக்கு மேல் தொழிலாளர்கள் செத்தார்கள், பலர் தங்கவைக்கப்பட்டிருந்த மிதவைக் குடியிருப்போடு கடலுக்குள் போனவர்கள். தலைமைப் பொறியாளர் ஜோசப் மெரிடித் 1909-ல் இறந்துபோக, அவர் கீழ் வேலை பார்த்த வில்லியம் குரோம் முடித்துக் கொடுத்தார்.

1912 ஜனவரி 22-ல் முதல் ரயில் கீ வெஸ்ட் போய்ச் சேர்ந்தது. அதில் ஃபிளாக்லரும் இருந்தார், 82 வயது, கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் காலமானார். 1914-ல் கால்வாய் திறந்தது. அவர் கணக்குப் போட்ட அளவுக்குச் சரக்கு அந்தப் பக்கம் வரவே இல்லை.

என்னைக் கேட்டால் கணக்கு தப்பானதில் எனக்கு வருத்தமில்லை. கணக்கு சரியாக இருந்திருந்தால் அங்கே இன்றைக்கு ஒரு சரக்குத் துறைமுகம் இருக்கும், நாம் போய் வேடிக்கை பார்க்க ஒன்றும் இருக்காது.

கேள்வி: படங்களைப் பார்த்ததும் எங்கள் பாம்பன் பாலம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டையும் ஒப்பிட முடியுமா?
(பள்ளி ஆசிரியை, ராமநாதபுரம்)

ஒப்பிடாமல் இருக்கத்தான் முடியவில்லை, டீச்சர். பாம்பனை ரயிலில் கடந்த ஒருத்தி அங்கே போய் நின்றால் வேறென்ன தோன்றும்?

வயதைப் பாருங்கள். அது 1912 ஜனவரி, இது 1914 பிப்ரவரி. காரணமும் கிட்டத்தட்ட ஒன்று. நம் போட் மெயில் தனுஷ்கோடி போய், பயணிகள் கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். கீ வெஸ்ட்டில் ரயிலை விட்டு இறங்கிக் கியூபாவின் ஹவானாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சரக்கு வேகன்களைக் கப்பலுக்குள் அப்படியே உருட்டிவிட்டுக் கியூபாவில் இறக்கியதும் உண்டு. கப்பல் போக வழிவிட, பாம்பனில் இரண்டு கைகளாகத் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்குப் பாலம். அவர்களுடைய ஏழு மைல் பாலத்தில் பக்கவாட்டில் திரும்புகிற ஒரு கண். நீளத்தில் மட்டும் போட்டியே இல்லை. நம்முடையது இரண்டு கிலோமீட்டர், அது பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்புறம் புயல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 1935 செப்டம்பர் 2. அமெரிக்கக் கரையைத் தொட்ட புயல்களில் இன்றுவரை அதைவிடக் குறைந்த காற்றழுத்தம் பதிவானதில்லை, 892 மில்லிபார். முதல் உலகப் போரில் சண்டையிட்டுவிட்டு வேலையில்லாமல் கிடந்த பழைய சிப்பாய்களை, சாலைப் பாலம் கட்ட அந்தத் தீவுகளில் முகாம் போட்டு வைத்திருந்தது அரசாங்கம். அவர்களை ஏற்றிவர மயாமியிலிருந்து ரயில் அனுப்பினார்கள், ஆனால் தாமதமாக. இஸ்லமொராடா என்கிற இடத்தில் கடல் எழும்பி வந்து பெட்டிகளை எல்லாம் தண்டவாளத்திலிருந்து தள்ளிவிட்டது. 447-ம் எண் எஞ்சின் மட்டும் நின்றது. தீவுகளில் செத்தவர்கள் நானூறுக்கு மேல், அதில் பாதிக்கு மேல் அந்தச் சிப்பாய்கள்.

வித்தியாசம் இதற்குப் பிறகுதான். பாம்பனில் பாலத்தின் பெரும்பகுதி அடித்துப் போனது, தூக்குப் பாலம் தப்பியது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் ரயிலை மறுபடி ஓட்டினார்கள். அங்கே பாலங்கள் அப்படியே நின்றன. போனது பாலங்களுக்கு நடுவே கடலைத் தூர்த்துப் போட்டிருந்த கரைகள். ஆழம் உள்ள இடத்தில் பாலம், ஆழமில்லாத இடத்தில் கல்லும் மண்ணும் கொட்டிக் கரை என்று சிக்கனமாகக் கட்டியிருந்தார்கள். கடல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகிற வழியைக் கரை அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறி ஏறிக் கடைசியில் கரையையும் தண்டவாளத்தையும் சேர்த்து உடைத்துக்கொண்டு போயிற்று. பழுது பார்த்திருக்கலாம். ஆனால் ரயில் கம்பெனி 1931 முதலே திவாலாகி நீதிமன்றத்தின் பொறுப்பில் இருந்தது. பாதையையும் பாலங்களையும் ஃபிளோரிடா மாநிலத்துக்கு 6,40,000 டாலருக்கு விற்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. மாநிலம் அதே பாலங்கள் மேல் சாலை போட்டு 1938-ல் திறந்தது. பிடுங்கிய தண்டவாளங்கள் வீணாகவில்லை, வெள்ளையடித்துச் சாலையோரக் கைப்பிடித் தடுப்பாக வைத்துவிட்டார்கள்.

பாம்பனில் 2025-ல் புதுப் பாலம் வந்து மறுபடி ரயில் ஓடுகிறது. கீ வெஸ்ட்டுக்கு ரயில் போனதோ மொத்தம் 23 வருஷம். இந்த ஒரு விஷயத்தில் நாம் ஜெயித்துவிட்டோம், மாணவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மயாமியிலிருந்து கீ வெஸ்ட் நான்கு மணி நேரம்தான் என்கிறது கூகுள் மேப். வார இறுதியில் போய்த் திரும்பிவிட நினைக்கிறோம். எங்கெங்கே நிறுத்தலாம்?
(மென்பொருள் பொறியாளர், டெலவேர்)

தம்பி, போய்த் திரும்பலாம். ஆனால் அதற்கு மோட்டார் ஹோம் எதற்கு? கார் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டு வாருங்கள். மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்தவர் கீ வெஸ்ட்டைக் குறிவைத்து ஓடவே கூடாது. நடுத் தீவுகளில் நங்கூரம் போட வேண்டும். மாரத்தான் ஊரைச் சுற்றி ஒரு இடம் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து மேலேயும் கீழேயும் போய் வாருங்கள்.

அங்கே முகவரி என்றால் மைல் கணக்குதான். சாலையோரம் சின்னச் சின்னப் பச்சைப் பலகைகள் இருக்கும், கீ வெஸ்ட் பூஜ்யம். கடை எங்கே என்று கேட்டால் '50-ல்' என்பார்கள்.

வடக்கிலிருந்து வரும்போது 85-ல் விண்ட்லி கீ. ரயில் பாதை போடக் கல் வெட்டி எடுத்த பழைய குழி, இப்போது சின்னப் பூங்கா. வெட்டிய சுவர் முழுக்கப் பவளப் பூச்சிகளின் வடிவம் அப்படியே தெரியும். இந்தத் தீவுகளே ஒரு காலத்தில் பவளப் பாறைகளாகத் தண்ணீருக்குள் இருந்தவைதான் என்பது, அந்தச் சுவரில் கையை வைத்தால்தான் மண்டையில் ஏறுகிறது. கூட்டமே இருக்காது. 82-ஐத் தாண்டியதும் இஸ்லமொராடாவில் 1935 புயல் நினைவிடம். காற்றில் வளைகிற தென்னைகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். முன்னூறு பேர் அளவுக்கு இறந்தவர்களின் சாம்பல் அதற்கடியில் இருக்கிறது. லாங் கீயில் கான்கிரீட் வளைவுகள் வரிசையாக நிற்கிற பழைய பாலம். ஃபிளாக்லருக்குப் பிடித்தது அதுதான் என்பார்கள், ரயில் விளம்பரங்களில் எல்லாம் அதன் படத்தைத்தான் போட்டார்கள்.

47-ல் வண்டியை நிறுத்துங்கள். பழைய ஏழு மைல் பாலத்தின் தொடக்கம் அது. இப்போது வண்டிகள் போகிற பாலம் 1982-ல் பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம். பழையதில் 2.2 மைல் தூரத்தை மட்டும் 44 மில்லியன் டாலர் செலவழித்துச் சரிசெய்து 2022 ஜனவரியில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். அது போய் முடிகிற இடத்தில், பாலத்தின் காலடியிலேயே பிஜன் கீ என்று ஐந்து ஏக்கர் தீவு. பாலம் கட்டிய தொழிலாளர்களின் முகாம், நானூறு பேர் அளவுக்கு அங்கே இருந்திருக்கிறார்கள். மஞ்சள் வண்ண மர வீடுகள் சிலவற்றை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், ஒன்றில் அருங்காட்சியகம். ஐந்து ஏக்கரில் நானூறு ஆண்கள், குடிக்கத் தடை, சுற்றிலும் கடல். எப்படிச் சமாளித்தார்களோ!

நடப்பதென்றால் காலை எட்டு மணிக்கு முன் கிளம்புங்கள். ஒரு சொட்டு நிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர் கட்டாயம். கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டே போனால் திருக்கை மீனோ கடலாமையோ கண்ணில் படும், தண்ணீர் அவ்வளவு தெளிவு. பிஜன் கீக்கு அப்பால் பாலம் தொடர்கிறது, ஆனால் யாரும் போக முடியாது. அந்தக் கைவிட்ட பகுதியில், மண்ணே இல்லாத கான்கிரீட் மேல் ஒரு சவுக்கு மரம் தானாக முளைத்து நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு ஃப்ரெட் என்று பெயர் வைத்து, கிறிஸ்துமஸுக்கு விளக்குக்கூடப் போடுகிறார்கள். 2017-ல் இர்மா புயல் அந்த வட்டாரத்தையே புரட்டியபோதும் ஃப்ரெட் அசையவில்லை. புதுப் பாலத்தில் போகும்போது பார்க்கலாம், ஓட்டுபவர் மட்டும் பார்க்க வேண்டாம்.

37-ல் பாஹியா ஹோண்டா. ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க நேரம் உண்டு என்றால் அங்கே நில்லுங்கள். தீவுகளுக்கு நடுவே ஆழம் அதிகமான கடல்வழி அது. அதனால் அங்கே மட்டும் பெரிய இரும்புச் சட்டங்கள் வைத்துப் பாலம் கட்டினார்கள், ரயில் அந்தக் கூட்டுக்குள் நுழைந்து ஓடியது. பிறகு சாலை போட வந்தபோது பிரச்சினை. ஒற்றைத் தண்டவாளத்துக்கான அகலத்தில் இரண்டு கார்கள் எதிரெதிரே போகாது, கூட்டை விரிக்கவும் முடியாது. சரி என்று கூட்டின் தலைமேல் சாலையைப் போட்டுவிட்டார்கள்! 1972-ல் பக்கத்தில் புதுப் பாலம் வரும்வரை அந்த உச்சியில்தான் லாரி, பஸ் எல்லாம் போயின. இப்போது படகுகள் போக நடுவில் துண்டை எடுத்துவிட்டதால் பாலம் அறுந்து நிற்கிறது. அங்குள்ள மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிற கலூசா கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அதை அண்ணாந்து பார்க்கலாம். கீழே ரயில் போன கூடு, மேலே கார் போன தளம், இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

கேள்வி: அக்கா, அவ்வளவு பெரிய வண்டியை நீங்களே ஓட்டினீர்களா? பாலத்தில் பயமாக இல்லையா? லைசென்ஸ் என்ன வேண்டும்?
(இல்லத்தரசி, ஹூஸ்டன்)

நான்தான் ஓட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட்டுக்கொண்டே வந்தார், அவர் பக்கம் பிரேக் இல்லாவிட்டாலும்.

வழக்கமான கார் லைசென்ஸ் போதும், ஃபிளோரிடாவில் மோட்டார் ஹோமுக்குத் தனி உரிமம் கேட்பதில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்திருப்பது நல்லது. வாடகைக் கடைக்காரர்கள் வயது வரம்பும் வைத்திருப்பார்கள், முன்பே கேளுங்கள். 25 அடி நீள வண்டி ஒரு குடும்பத்துக்கு மிகத் தாராளம். அதற்கு மேல் போனால் கடை வாசலில் நிறுத்தக்கூட இடம் தேட வேண்டும். ஒரு காலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் ஓடும், பெட்ரோல் கணக்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

பாலத்தில் பயம் உயரத்தால் இல்லை. ஏழு மைல் பாலத்தின் உச்சியே 65 அடிதான். காற்றுதான் விஷயம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிற நாளில் பக்கவாட்டில் அடிக்கும், மோட்டார் ஹோமின் பக்கச் சுவர் முழுக்க அதைத் தாங்கும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். படம் எடுக்கிறேன் என்று நடுவில் நிறுத்தவே கூடாது.

கேள்வி: மோட்டார் ஹோமை நிறுத்தித் தங்குகிற முகாம் இடத்துக்கு ஆறு மாதம் முன்பே தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எப்படிப் பிடித்தீர்கள்?
(நியூ ஜெர்சி வாசகர்)

ஆறு மாதம் அங்கே தாமதம். மாநிலப் பூங்காக்களில் ஃபிளோரிடாவில் குடியிருப்பவர்கள் 11 மாதம் முன்பும், வெளி மாநிலத்தவர் 10 மாதம் முன்பும் பதிவு செய்யலாம். 2024 ஜனவரி முதல் இதுதான் சட்டம். நான் ஃபிளோரிடாவாசி என்பதால் அந்த ஒரு மாதச் சலுகை எனக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. கீஸ் பூங்காக்களின் குளிர்கால இடங்கள் காலை எட்டு மணிக்குத் திறந்து சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய கைக்கு இது ஒன்றும் புதிதில்லை.

அதைவிட எனக்கு நம்பிக்கை ரத்தாகிற இடங்களில்தான். ஜனங்கள் மாதக் கணக்கில் முன்பே பதிவு செய்துவிட்டுக் கடைசி வாரத்தில் மனம் மாறுவார்கள். தினமும் காலையிலும் இரவிலும் இணையத்தில் பாருங்கள், திங்கள் முதல் வியாழன் வரை ஒரு இரவு, இரண்டு இரவு என்று துண்டு துண்டாக விழும். பாஹியா ஹோண்டா மட்டும் இல்லை, கரி ஹேமக், கீ லார்கோவில் ஜான் பென்னிகாம்ப் எல்லாம் தேடுங்கள். பாஹியா ஹோண்டாவில் பேசைட் என்கிற பகுதியைப் பதிவு செய்துவிடாதீர்கள். அங்கே போகிற வழி பாலத்துக்கடியில் நுழைகிறது, ஏழடிகூட உயரம் இல்லை, மோட்டார் ஹோம் போகாது.

மாநிலப் பூங்காவில் ஓர் இரவுக்கு 40, 50 டாலர் அளவில் முடியும். தனியார் இடங்களில் சீசனில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு கேட்பார்கள். இடம் கிடைக்காவிட்டால் சாலையோரமாக ஒதுக்கிப் படுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், தீவுகளில் அது அனுமதி இல்லை. நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போக ஆசை. வண்டிக்குள் கழிப்பறை அவர்களுக்குச் சரிப்படுமா?
(அட்லாண்டா வாசகி)

சரிப்படும், ஆனால் விவரம் தெரிந்து போங்கள். வண்டிக்கு அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஒன்றில், கழிப்பறைக் கழிவு இன்னொன்றில். இரண்டாவது பெரும்பாலும் 30 காலன் அளவுதான். காகிதம் உபயோகிக்கிற குடும்பத்துக்கு அது பல நாள் வரும். நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொம்புத் தண்ணீர் இல்லாமல் முடியாது, அவர்களை மாற்றவும் வேண்டாம். தொட்டி சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். மாநிலப் பூங்காக்களில் நிறுத்துகிற இடத்தில் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கும். கழிவை வெளியேற்ற வாசல் பக்கம் தனி இடம் இருக்கும், வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பகலில் பூங்காவின் பொதுக் கழிப்பறையை உபயோகித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, நன்றாகவே வைத்திருக்கிறார்கள். குழாய் மாட்டிக் கழிவை வடிக்கிற வேலைக்குத் தடித்த கையுறை எடுத்துப் போங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகுதான் குளியல் தொட்டி. இந்த வரிசையில் வடித்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். எங்கள் வீட்டில் இது அவர் இலாகா, நான் தலையிடுவதில்லை.

கழிப்பறையைவிட ஏறுகிற படிதான் பெரியவர்களுக்குச் சிரமம். உயரமாக இருக்கும். ஒரு சின்ன முக்காலி வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?
(மயிலாப்பூர் வாசகி)

மயாமியைத் தாண்டும் முன்பே தோசை மாவு, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் ஏற்றிக்கொண்டோம். கீ லார்கோ, மாரத்தான், கீ வெஸ்ட்டில் பெரிய மளிகைக் கடைகள் உண்டு, காய்கறிக்கும் பாலுக்கும் குறையில்லை. வண்டிக்குள் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் தாளிக்கிற வேலையை உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். மிளகாய் வற்றல் எண்ணெயில் விழுந்ததும் புகை எச்சரிக்கை மணி அலறும், அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள். வெளியே மேஜை போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள், ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்றைக் கொண்டுபோய் அங்கே தாளியுங்கள். மாலை வேளையில் மட்டும் வேண்டாம். கண்ணுக்கே தெரியாத கடிப்பூச்சி ஒன்று கடற்கரையிலிருந்து கிளம்பும், கொசுவலையின் கண் வழியாகவே நுழைந்துவிடும்.

கீ லைம் பை விற்காத கடை கிடையாது. சின்ன எலுமிச்சைச் சாறு, சுண்டிய பால், முட்டை மஞ்சள் கரு. முட்டை சாப்பிடாதவர்கள் தவிர்த்துவிடுங்கள். சாப்பிடுபவர்களுக்குச் சொல்கிறேன், பச்சை நிறத்தில் இருந்தால் வாங்காதீர்கள். ஒழுங்காகச் செய்தது இளமஞ்சளாகத்தான் இருக்கும்.

கேள்வி: அங்கே நாய் உயரத்தில் மான் இருக்கிறதாமே, உண்மையா?
(ஆறாம் வகுப்பு மாணவன், சேலம்)

உண்மைதான் கண்ணா. பெரிய நாய் உயரம் இருக்கும். பிக் பைன் கீ என்கிற தீவிலும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும் மட்டும் வாழ்கிறது, உலகத்தில் வேறு எங்கும் காட்டில் கிடையாது. 1950-களில் ஐம்பதுக்கும் குறைவாகப் போய்விட்டது. 1957-ல் சரணாலயம் அமைத்த பிறகு பல நூறாகப் பெருகியிருக்கிறது. ராத்திரியில் அந்தத் தீவில் 35 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. மான் கிட்டே வந்து மூஞ்சியைப் பார்க்கும், பிஸ்கட் கொடுக்கத் தோன்றும். கொடுத்தால் அபராதம்.

கேள்வி: குடிதண்ணீரே இல்லாத தீவுகள் என்றீர்கள். இன்றைக்கு இத்தனை ஹோட்டலுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
(சிவகங்கை வாசகர்)

தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த ஊர்க்காரர் கேள்வி. நிலப்பகுதியில் ஃபிளோரிடா சிட்டியில் ஆழ்குழாய்க் கிணறுகள், அங்கிருந்து சாலையையும் பாலங்களையும் ஒட்டியே கீ வெஸ்ட் வரை குழாய். கடற்படைக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1942-ல் முதலில் போட்டார்கள், பிறகு பெரிதாக்கினார்கள். அதற்கு முன் கூரையில் விழுகிற மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தார்கள்.

கேள்வி: கீ வெஸ்ட்டைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டீர்களே, ஏன்?
(கோவை வாசகி)

மோட்டார் ஹோமோடு போகிறவருக்கு அந்த ஊர் லாயக்கில்லை என்பதால்தான். பழைய நகரத்துத் தெருக்கள் குறுகல், நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வண்டியை முகாமிலேயே விட்டுவிட்டு மாரத்தானிலிருந்து போகிற பஸ்ஸில் போங்கள். மரவீடுகள், தெருவில் சுதந்திரமாகத் திரிகிற சேவல்கள், எழுத்தாளர் ஹெமிங்வே வீட்டில் ஆறு விரல் பூனைகள், எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தென்கோடி முனை என்று வண்ணம் பூசி வைத்திருக்கிற கான்கிரீட் மிதவை முன்னால் படம் எடுக்க வெயிலில் வரிசை நிற்கும். நான் நிற்கவில்லை. பக்கத்துக் கடற்படை வளாகம் அதைவிடத் தெற்கே போகிறது.

அந்த ஊரின் குசும்பு எனக்குப் பிடிக்கும். 1982-ல் எல்லைக் காவல்துறை தீவுகளுக்குள் நுழைகிற சாலையை மறித்து ஒவ்வொரு காரையும் சோதித்தது. சுற்றுலா படுத்துவிட்டது. கீ வெஸ்ட் மேயர் 'எங்களை வெளிநாட்டுக்காரர் மாதிரி நடத்தினால் வெளிநாடாகவே ஆகிவிடுகிறோம்' என்கிற பாணியில் தனிநாடு அறிவித்தார். கடற்படைச் சீருடை அணிந்த ஒருவரைக் காய்ந்த கியூபன் ரொட்டியால் அடித்துப் போர் தொடுத்து, ஒரே நிமிடத்தில் சரணடைந்து, போர் நிவாரணமாக நூறு கோடி டாலர் கேட்டார். பணம் வரவில்லை, சாலை மறிப்பு போய்விட்டது. அந்த நாட்டுக் கொடியை இன்றும் எல்லாக் கடையிலும் விற்கிறார்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு லீவு ஆகஸ்டில்தான். அப்போது வாடகையும் குறைவாகத் தெரிகிறதே, போகலாமா?
(டல்லாஸ் வாசகர்)

குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம், அதில் மோசமான மாதங்கள் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். புயல் வருகிறது என்றால் தீவுகளை விட்டு முதலில் வெளியேறச் சொல்வது சுற்றுலாப் பயணிகளையும் மோட்டார் ஹோம்களையும்தான், உள்ளூர்க்காரர்கள் பிறகு. வெளியேற இருப்பது அதே ஒற்றைச் சாலை. புயல் வராவிட்டாலும் வெக்கை தாங்காது. ஏ.சி. இரவு முழுக்க ஓட வேண்டும், அதனால் மின் இணைப்பு இல்லாத இடத்தில் தங்க முடியாது.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை அருமையான காலம், விலையும் அதற்கேற்ற மாதிரி. பள்ளி லீவுதான் தடை என்றால் வசந்த விடுமுறை வாரத்தைப் பாருங்கள். ஆகஸ்டுதான் என்று முடிவாகிவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கிற பதிவாக மட்டும் செய்யுங்கள், வாடகை வண்டிக்கும் சேர்த்து.